"பாப்பா கிஃப்டட்ல செலக்ட் ஆயிட்டா": அப்படின்னா என்ன?

யூஎஸ்ல செட்டில் ஆன ஒரு அக்காவோ சித்தியோ இல்லாத ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் இப்போ ரொம்பக் குறைவு. அந்தக் குரூப்ல ஒருநாள் "பாப்பா கிஃப்டட்ல செலக்ட் ஆயிட்டா"ன்னு மெசேஜ் வரும். இங்கிருந்து பத்துப் பேர் கைதட்டுற ஸ்டிக்கர் போடுவாங்க. பெரியப்பா மட்டும் "அப்போ டபுள் ப்ரமோஷனா?"ன்னு கேட்பார். அதுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க.

பெரும்பாலும் டபுள் ப்ரமோஷன் இல்லை. சில ஊர்களில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வேற ரூமுக்குப் போறது, அவ்வளவுதான். ஆனா அதே வயசுல, கிட்டத்தட்ட சத்தமே இல்லாம, இன்னொரு முடிவும் எடுக்கப்படுது: கணக்கு எந்த லெவல்ல படிக்கணும்ங்கிறது. பன்னிரண்டாம் வகுப்புல அந்தப் பொண்ணு கால்குலஸ் படிப்பாளா மாட்டாளாங்கிறது அதைப் பொறுத்தது. இந்த ரெண்டையும் நாம ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். அங்க இருக்கிற பெற்றோர்களிலும் நிறையப் பேர் அப்படித்தான்.

முதல்ல பட்டத்தைப் பார்ப்போம். கிஃப்டட் புரோகிராமுக்கு அமெரிக்கா முழுசுக்கும் பொதுவான கட்டாயச் சட்டம் கிடையாது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கல்வி உரிமை தர்ற மத்திய சட்டம் இருக்கு; கிஃப்டட் குழந்தைகளுக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை. 1988-ல் வந்த ஜாவிட்ஸ் சட்டம் ஆராய்ச்சிக்கும் முன்மாதிரித் திட்டங்களுக்கும் நிதி தர்றதோட சரி. மிச்சமெல்லாம் மாநிலம் கையில, அதுக்குக் கீழ ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கையில. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னா நம்ம மாவட்டம் இல்லை, ஒரு பகுதியோட பொதுப் பள்ளிகளை நடத்துற தனி நிர்வாகம். அதனால பேரே ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியால கேட், டெக்சஸ்ல ஜிடி, வாஷிங்டன் மாநிலத்துல ஹைலி கேப்பபிள், வட கரோலினால ஏஐஜி. வீடு மாறிப் போனா குழந்தையோட பட்டமும் காணாமப் போகலாம். குழந்தை என்னவோ அதே குழந்தைதான்.

பட்டம் எப்படிக் கிடைக்குது? நிறைய இடங்கள்ல கோகாட் அப்படிங்கிற டெஸ்ட். மூணு பகுதி: வார்த்தை, எண், படம். படப் பகுதியில ஒரு பேப்பரை மடிச்சு ஓட்டை போட்டுப் பிரிச்சா ஓட்டைகள் எங்கெங்க இருக்கும்னு கேட்பாங்க. நம்ம ஆப்டிட்யூட் ரவுண்டுல வர்ற அதே பேப்பர் ஃபோல்டிங்தான், ஏழு வயசுக்கு. சராசரி 100, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 16. சில டிஸ்ட்ரிக்ட் ஸ்கோர் 130, சில இடம் 97-வது பெர்சன்டைல், இப்படி ஒரு கோடு போட்டு, அதுக்கு மேல இருந்தா கிஃப்டட், கீழ இருந்தா இல்லைன்னு சொல்லிடும்.

எந்த அளவீட்டிலும் எரர் உண்டுன்னு முதல் செமஸ்டர் ஃபிசிக்ஸ் லேப்லயே சொல்லிக் கொடுத்துட்டாங்க. இங்கயும் அதேதான். ஒரு குழந்தையோட 'உண்மையான' ஸ்கோர் 132, டெஸ்ட்டோட எரர் 4 பாயின்ட்னு ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம். நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன் டேபிளைப் பார்த்தா அவ 130-ஐத் தாண்ட 69 சதவீதம்தான் வாய்ப்பு. மூணுல ஒரு தடவை, அன்னைக்குத் தூக்கம் சரியில்லைன்னோ பென்சில் உடைஞ்சுதுன்னோ, வெளியே நிப்பா.

இப்போ ஜாக்கிரதையா இருக்கணும்னு நிர்வாகம் ரெண்டு டெஸ்ட் வைக்குது. ரெண்டுலயும் தாண்டணும்னா அது ஆண்ட் கேட்: 0.69-ஐ 0.69-ஆல் பெருக்கினா 48 சதவீதம். ஏதாவது ஒண்ணுல தாண்டினாப் போதும்னா அது ஆர் கேட்: 90 சதவீதம். குழந்தை மாறல, டெஸ்ட் மாறல, நடுவுல இருக்கிற ஒரு வார்த்தை மட்டும் மாறிச்சு. ஆர் கேட் போட்டா கோட்டுக்குக் கீழ இருக்கிற சிலரும் உள்ள வருவாங்க, உண்மைதான். கூடுதலா ஒரு குழந்தைக்குக் கொஞ்சம் கஷ்டமான கணக்கு கிடைச்சா என்ன குடி முழுகிடும்னு எனக்குப் புரியல. 'ஹை ஸ்டாண்டர்ட்' வைக்கிறோம்னு பெருமையா ஆண்ட் கேட் போடுற இடங்கள் உண்மையில் செய்றது, தேவையான பாதிப் பேரைத் தவறவிடுறது.

இது புதுப் பிரச்சினை இல்லை. ஸ்டான்ஃபோர்ட்ல லூயிஸ் டெர்மன் 1921-ல் கலிஃபோர்னியாவில் அதிக ஐக்யூ உள்ள பிள்ளைகளைத் தேடிப் பிடிச்சு, அவங்க வாழ்க்கை முழுக்கப் பின்தொடர ஆரம்பிச்சார். ஆயிரத்தைநூறு பேர் சுமாருக்குச் சேர்ந்தாங்க. டெஸ்ட் எழுதிக் கோட்டைத் தாண்டாம வெளியே நின்ன ரெண்டு பசங்க வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். ஒருத்தர் டிரான்சிஸ்டருக்காக 1956-ல் ஃபிசிக்ஸ் நோபல், இன்னொருத்தர் துகள் இயற்பியலுக்காக 1968-ல். உள்ள எடுத்த யாருக்கும் நோபல் வரல. இதுல ஒரு கசப்பான வேடிக்கை: அந்த ஷாக்லியே பிற்காலத்துல ஐக்யூவை வச்சு இனவெறி பேசிக்கிட்டுத் திரிஞ்சார்.

டெர்மன் முறையில இன்னொரு ஓட்டையும் இருந்தது, அது இன்னைக்கும் பல ஊர்ல அப்படியே இருக்கு. டெஸ்ட்டுக்கு முன்னாடி டீச்சர் பரிந்துரை. சர்க்யூட்ல சீரிஸா ஒரு சுவிட்ச் போட்ட மாதிரி. அது ஆன் ஆகலைன்னா பின்னாடி எவ்வளவு துல்லியமான மீட்டர் வச்சாலும் கரன்ட் வராது. டீச்சர் யாரைச் சொல்வாங்க? கை தூக்குற, சுத்தமா எழுதுற, இங்கிலீஷ் சரளமா பேசுற குழந்தையை. அப்புறம் பெற்றோர் மெயில் போட்டுக் கேட்கிற குழந்தையை. கேட்கணும்னே தெரியாத வீட்டுக் குழந்தை, ரெண்டு வேலை பார்க்கிற அம்மாவோட குழந்தை, வீட்டுல ஸ்பானிஷ் பேசுற குழந்தை, இவங்களுக்கு டெஸ்ட்டே நடக்காது.

ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுன்ட்டியில 2005-ல் இதை மாத்திப் பார்த்தாங்க. பரிந்துரைக்குக் காத்திருக்காம ரெண்டாம் வகுப்பில் இருக்கிற எல்லாருக்கும் படம் மட்டுமே உள்ள ஒரு சின்ன டெஸ்ட். அதில் நல்லா வந்தவங்களுக்கு முழு ஐக்யூ டெஸ்ட். டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ ரெண்டு பொருளாதார ஆய்வாளர்களும் அந்தத் தரவை ஆராய்ஞ்சப்போ, ஏழை வீட்டு, கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் கிஃப்டட்ல சேர்ற எண்ணிக்கை பெரிசா ஏறியிருந்தது. அவங்க திடீர்னு புத்திசாலி ஆகல, அதுக்கு முந்தின வருஷமும் அதே வகுப்புல உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் பட்ஜெட் வெட்டு வந்துச்சு, எல்லாருக்குமான டெஸ்ட் நின்னுச்சு, பழைய இடைவெளி திரும்பி வந்துடுச்சு.

நம்ம ஆளுங்க இதுல எந்தப் பக்கம்னு சொல்லவே வேண்டாம். கேட்கத் தெரிஞ்ச பக்கம். கோகாட் பிராக்டிஸ் புக் வாங்கி, கூமோன்ல சேர்த்து, சனிக்கிழமை ரஷ்யன் ஸ்கூல் ஆஃப் மேத்தமேடிக்ஸுக்கு கார்ல கூட்டிட்டுப் போற வீடுகள். தப்புன்னு சொல்லல. ஆனா ஐந்நூறு பேப்பர் ஃபோல்டிங் போட்ட குழந்தையையும், முதல் தடவை அதைப் பார்க்கிற குழந்தையையும் ஒரே கோட்டால அளந்துட்டு, அந்த வித்தியாசத்துக்கு 'பிறவித் திறமை'ன்னு பேர் வைக்கிறதுதான் உறுத்துது.

சரி, பட்டம் கிடைச்சாச்சு. என்ன தருவாங்க? பல பள்ளிகளில் 'புல்-அவுட்': வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் தனி ரூம், புதிர், கொஞ்சம் ரோபோட்டிக்ஸ். ஜாலியா இருக்கும். ஆனா கணக்குல ரெண்டு வருஷம் முன்னாடி இருக்கிற ஒரு பொண்ணுக்கு புதன்கிழமை ரோபோட் கொடுத்துட்டு, மிச்ச நாலு நாளும் அவளுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச கழித்தல் கணக்கையே போடச் சொன்னா அது எந்த ஊர் நியாயம்? அவளுக்கு வேண்டியது கணக்குப் பீரியட் வந்தா எழுந்து மேல் வகுப்புக்குப் போறது. 'சப்ஜெக்ட் ஆக்சிலரேஷன்'னு சொல்வாங்க. அதுக்கு கிஃப்டட் பட்டமே தேவையில்லை, அந்தப் பாடம் தெரியுமா தெரியாதாங்கிறதுதான் தேவை.

அதைக் கண்டுபிடிக்க வகுப்புப் பரீட்சை உதவாது. 2 வோல்ட் ரேஞ்சுல வச்ச மல்டிமீட்டர்ல 5 வோல்ட் கொடுத்தாலும் 15 கொடுத்தாலும் இடது ஓரத்துல '1'தானே வரும்? மூணாம் வகுப்புப் பேப்பர்ல நூத்துக்கு நூறு எடுத்த ரெண்டு குழந்தைகளும் அப்படித்தான். ஒருத்தி மூணாம் வகுப்பை முடிச்சிருப்பா, இன்னொருத்தி அஞ்சை முடிச்சிருப்பா. ரேஞ்சை மாத்தணும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் ஆரம்பிச்ச ஆய்வுல செஞ்சது இதைத்தான். பன்னிரண்டு, பதிமூணு வயசுப் பசங்களுக்கு, காலேஜ் போறவங்க எழுதுற எஸ்ஏடி கணக்குப் பேப்பரைக் கொடுத்தார். வகுப்புல ஒரே மாதிரி தெரிஞ்சவங்க அங்க தனித்தனியாப் பிரிஞ்சாங்க.

ஒரு எச்சரிக்கை மட்டும். வேகம் வேற, புரிதல் வேற. முக்காலை அரையால வகுக்கச் சொன்னா தலைகீழாக்கிப் பெருக்கி ஒன்றரைன்னு சொல்ற குழந்தைகிட்ட, "முக்கால் லிட்டர் பால்ல எத்தனை அரை லிட்டர் இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. முழிச்சா, மேல் வகுப்பு இப்போ வேண்டாம். ட்யூஷன் செய்ற வேலையும் கணக்குத் தெரியுறதும் ஒண்ணு இல்லை.

இனி அந்தச் சத்தமில்லாத முடிவு. நமக்கு 11-ம் வகுப்புல கணக்கு குரூப் எடுத்தா லிமிட்ஸ், டெரிவேட்டிவ் தானா வரும். அமெரிக்க ஹைஸ்கூல்ல கணக்கு ஒரு ஏணி: அல்ஜீப்ரா ஒன், ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா டூ, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். வருஷத்துக்கு ஒரு படி. ஹைஸ்கூல் 9-லிருந்து 12 வரை நாலு வருஷம், படி அஞ்சு. அப்போ 12-ல் கால்குலஸ் வரணும்னா முதல் படியை 8-லேயே ஏறியிருக்கணும். அதுக்கு 6, 7, 8 மூணு வருஷப் பாடத்தை ரெண்டு வருஷத்துல முடிக்கணும். அதுக்கு அஞ்சாம் வகுப்பு முடியும்போதே அட்வான்ஸ்டு மேத்ல பேர் இருக்கணும். இன்ஜினியரிங் சேர ஆசைப்படுற பதினேழு வயசுப் பையன் மேல, பத்து வயசுல யாரோ போட்ட ஒரு டிக் மார்க் வந்து நிக்கும். நடுவுல சம்மர் கோர்ஸ் எடுத்தோ ஒரே வருஷத்துல ரெண்டு கணக்குப் பாடம் எடுத்தோ ஏறலாம். அதுக்கும் கேட்கத் தெரிஞ்ச வீடு வேணும்.

இந்தச் சமமின்மையைப் பார்த்து சான் ஃபிரான்சிஸ்கோ 2014-ல் ஏணியையே கழட்டிட்டாங்க: 8-ம் வகுப்பில் யாருக்கும் அல்ஜீப்ரா கிடையாது, எல்லாரும் 9-ல் தொடங்கணும். வசதியானவங்க வெளியே காசு கட்டிப் படிச்சாங்க. பல வருஷச் சண்டைக்கு அப்புறம் 2024 மார்ச்சில் அந்த ஊர் வாக்காளர்கள் பெரிய வித்தியாசத்துல அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டு வரச் சொன்னாங்க.

டாலஸ் எடுத்த வழி எனக்குப் பிடிச்சிருக்கு. சாஃப்ட்வேர் பண்றவங்களுக்கு உடனே புரியும்: டீஃபால்ட் வேல்யூவை மட்டும் மாத்தினாங்க. முன்னாடி அட்வான்ஸ்டு வகுப்பு வேணும்னா பெற்றோர் கேட்கணும், இல்லை டீச்சர் சொல்லணும். 2019-20-லிருந்து மாநிலத் தேர்வுல நல்ல மார்க் வாங்கின பிள்ளைகள் 6-ம் வகுப்பு அட்வான்ஸ்டுல தானாகவே சேர்க்கப்படுவாங்க, வேண்டாம்னாத்தான் சொல்லணும். ஐக்யூ இல்லை, பரிந்துரை இல்லை. கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் 8-ம் வகுப்பு அல்ஜீப்ராவுக்கு வர்ற விகிதம் நல்லா ஏறிச்சு.

2023-ல் டெக்சஸ் இதை மாநிலம் முழுசுக்கும் சட்டமாக்கிடுச்சு. அஞ்சாம் வகுப்பு மாநிலக் கணக்குத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வர்ற பிள்ளையை 6-ல் அட்வான்ஸ்டு கணக்கில் சேர்த்தே ஆகணும். வேண்டாம்னு சொல்ற உரிமை பெற்றோருக்கு இருக்கு. இப்போ அங்க மெயில் அனுப்ப வேண்டியது, வேணும்கிறவங்க இல்லை, வேண்டாம்கிறவங்க.