சிரிப்பூட்டும் படமும் நிலைத்த சொல்லும்

புதிய மொழியைக் கற்போர்க்குச் சொல் முதலில் வெற்றொலியே. பொருளோடு இணையும்போதுதான் அது மனத்தில் வேரூன்றுகிறது. இவ்விணைப்பைப் படத்தால் ஏற்படுத்தியோருள் முன்னோடி, மொராவியாவில் பிறந்த கல்வியாளர் கொமீனியஸ். 1658ஆம் ஆண்டு நூரம்பர்க் நகரில் வெளியான அவரது படநூல், காகம், ஆட்டுக்குட்டி முதலியவற்றின் படங்களையும் ஒலிகளையும் கொண்டே எழுத்துகளை அறிமுகப்படுத்தியது.

இன்று அப்பணியை, கணினியில் மாற்றியமைத்த வேடிக்கையான விலங்குப் படங்கள் தொடர்கின்றன. எடுத்துக்காட்டாக, நீச்சல் கண்ணாடி அணிந்த பூனையொன்று குளக்கரையில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது. கீழே ‘ஹெசிடேட்’ என்னும் ஆங்கிலச் சொல். ‘தயங்கு’ என்னும் பொருளை அப்பூனையே உணர்த்திவிடுகிறது.

ஒரே தன்மையுடைய பலவற்றின் நடுவே வேறுபட்டு நிற்பது நினைவில் நன்கு தங்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெட்விக் வான் ரெஸ்டார்ஃப் 1933இல் விளக்கினார். சொல்லாகவும் காட்சியாகவும் இருவழிகளில் பதிவது எளிதில் மறவாது என்பது கனடா நாட்டு உளவியலாளர் ஆலன் பைவியோவின் கொள்கை.

எனினும், நகைப்பு சொல்லின் பொருளிலிருந்தே பிறத்தல் வேண்டும். அப்பூனைக்கு மணிமுடி சூட்டினால் மணிமுடியே நினைவில் நிற்கும், தயக்கம் மறைந்துவிடும். சிரிப்புக்காகவே ஆங்கிலத்தைப் பிழையாக எழுதும் பூனைப் படங்களும் உலவுகின்றன. ஆகவே, கண்ட சொல்லை அகராதியில் சரிபார்த்து, படத்தை மறைத்துவிட்டுத் தாமே ஒரு தொடரில் அமைப்போர்க்கே அச்சொல் உரிமையாகும்.