போங் ஏரியில் லட்சம் பறவைகள்: அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு கோதுமை வயல்

ஒவ்வொரு குளிர்காலமும் இப்படி ஒரு செய்தி உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம்: 'இமாச்சலப் பிரதேசத்தின் போங் அணை ஏரியில் இந்த ஆண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள்.' எண்ணிக்கை கூடினால் ஏரி நலமாக இருக்கிறது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அங்கேதான் சிக்கல்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு இனம் மட்டும் சில ஆண்டுகளில் 40,000-ஐத் தாண்டியிருக்கிறது. அதுதான் வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். மீனுக்காக ஏரிக்கு வரும் பறவை அல்ல இது. இதன் பிரதான உணவு இலை. அதாவது புல்லும் இளம் பயிரும்.

இலை சாப்பிட்டுப் பறப்பது அவ்வளவு கஷ்டமா?

வெறும் கீரையை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க ஆபீஸில் வேலை பார்த்துப் பாருங்கள், புரியும். இலையில் நார் அதிகம், சக்தி குறைவு. மாடு அதை வயிற்றில் மணிக்கணக்கில் ஊறவைத்து நொதிக்க விடும். பறக்க வேண்டிய உடம்பால் அவ்வளவு பெரிய வயிற்றைச் சுமக்க முடியாது. அதனால்தான் இலையை நம்பி வாழும் பறவைகள் மிகச் சில.

வாத்துகள் இதற்கு வேறு வழி வைத்திருக்கின்றன: நிறையத் தின்பது, சீக்கிரம் வெளியேற்றுவது. தின்ற புல் ஓரிரு மணி நேரத்தில் எச்சமாகிவிடும். நாரை ஜீரணிக்க மெனக்கெடுவதில்லை. இலையின் சாறையும் புரதத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். ஆனால் இந்தக் கணக்கு இளம் இலைக்கு மட்டும்தான் சரிவரும். இலை முற்ற முற்றப் புரதம் குறையும், நார் கூடும். ஆகவே இந்தப் பறவையின் காலண்டர் முழுக்க ஒரே தேடல்தான்: இப்போது எங்கே தளிர் இருக்கிறது?

(எல்லாப் பறவையும் இப்படி இடம் மாறுவதில்லை. வட அமெரிக்காவின் ஸ்ப்ரூஸ் கிரவுஸ் காட்டிலேயே இருந்துகொண்டு உடம்பை மாற்றிக்கொள்ளும். கோடையில் பழம், பூச்சி, தளிர்; குளிரில் வெறும் ஊசியிலை. அதற்கேற்ப அதன் அரைவைப்பை முக்கால் மடங்கு வரை பெருக்கும், குடலும் நீளும்.)

கோடையில் லடாக், குளிரில் கோதுமை

வரித்தலை வாத்து கோடையில் லடாக், திபெத், மங்கோலியா ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கிறது. பனி உருகியதும் அங்கே முளைக்கும் புல்லும் கோரையும் குஞ்சுகளுக்கு உணவு. அக்டோபரில் அந்தப் புல் காயத் தொடங்கும்போது கிளம்பி, இமயமலையைக் கடந்து இந்தியா வருகிறது. செயற்கைக்கோள் கருவி பொருத்திய பறவைகள் 7,000 மீட்டருக்கு மேல் பறந்தது பதிவாகியிருக்கிறது.

வந்து இறங்கும் நேரத்தைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் நிரம்பிய போங் ஏரி அதன்பின் மெல்ல வற்றுகிறது. வெளியே வரும் ஈர நிலத்தில் புல் முளைக்கிறது. கூடவே, சுற்றியுள்ளவர்கள் கோதுமை விதைக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் அது இளம் பச்சை. வாத்துக்கு அது புல்லேதான், அதுவும் வரிசையாக நட்டு உரம் போட்ட புல். பகலில் கரையில் ஓய்வு, இருட்டியதும் வயல். மார்ச், ஏப்ரலில் கோதுமை முற்றுகிறது. அவையும் வடக்கே திரும்புகின்றன.

நஷ்டம் யாருக்கு?

மேய்ந்த பயிரெல்லாம் வீணாவதில்லை. தொடக்கத்தில் நுனியை மட்டும் கடித்தால் கோதுமை மறுபடி தழைக்கும். ஈர மண்ணில் வேரோடு பிடுங்கினாலோ, தண்டு எழும் பருவத்தில் மேய்ந்தாலோதான் விளைச்சல் போகும்.

ஆனால் விவசாயியால் இதை யாரிடமும் முறையிட முடியாது. போங் 1983 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் தலம். அதற்குள் பயிர் செய்யவே கூடாது. இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. 1970களில் அந்த அணை கட்டியபோது 20,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலத்தை இழந்தன. ராஜஸ்தானில் மாற்று நிலம் தருவதாகச் சொன்ன வாக்குறுதி பலருக்கு இன்றும் வழக்காகவே இருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் அங்கே ஏர் ஓட்டுபவர்களைப் பார்த்து 'ஆக்கிரமிப்பாளர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை.

வாத்துக்கும் இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒரே இடத்தில் இத்தனை பறவைகள் கூடினால் வைரஸுக்கு வேலை சுலபம். 2020 டிசம்பர் கடைசியில் போங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவியது. சில வாரங்களில் ஏறத்தாழ 5,000 பறவைகள் செத்தன. அவற்றில் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள்.

அதனால் அடுத்த முறை அந்த லட்சக் கணக்கு வரும்போது, கூடவே இரண்டு எண்களைத் தேடுங்கள்: அந்தக் குளிர்காலத்தில் ஏரியின் நீர்மட்டம் என்ன, கரையில் எத்தனை ஏக்கர் கோதுமை நின்றது. வாத்து கூடியதற்குக் காரணம் ஏரியா வயலா என்று தலைகளை மட்டும் எண்ணிச் சொல்ல முடியாது.

இதே வாத்து நம்ம திருநெல்வேலி கூந்தன்குளத்துக்கும் வரும். ஜனவரியில் போனால், பொழுது சாயும்வரை காத்திருந்து அவை எந்த வயல் பக்கம் கிளம்புகின்றன என்று பாருங்கள்.