வெள்ளைத் தகடும் மஞ்சள் தகடும்

விடுமுறைக் காலத்தில் எல்ல, வெலிகம, அறுகம்குடா போன்ற இடங்களுக்குச் சென்று வந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வெளிநாட்டுப் பயணி ஒருவர் வாடகைக்கு எடுத்த முச்சக்கரவண்டியைத் தாமே ஓட்டிச் செல்வார். பின்னிருக்கையில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் சிரித்தபடி அமர்ந்திருப்பார்கள். நாமும் கையசைத்து மகிழ்வோம். ஆனால் அதே வீதியோரத் தரிப்பிடத்தில் காலையிலிருந்து ஒரு ஹயர்கூடக் கிடைக்காமல் காத்திருக்கும் சாரதிக்கு அது வேடிக்கையான காட்சி அல்ல. தன் கையை விட்டுப்போன ஒரு நாள் வருமானமாகவே அதை அவர் பார்க்கிறார்.

இந்தப் போட்டி நம் நாட்டில் பெரும்பாலும் முணுமுணுப்போடு நின்றுவிடுகிறது. அது வழிமறிப்பாகவும் வாய்த்தகராறாகவும் பொலிஸ் முறைப்பாடாகவும் முற்றிய ஓர் இடம் உண்டு. இந்தியாவின் வட எல்லையிலுள்ள லடாக்தான் அது. அங்கே நடப்பதை விளங்கிக்கொண்டால் நமது வீதியோரத்தில் நடப்பதும் நமக்கு விளங்கும்.

குறுகிய கோடை, நீண்ட குளிர்

லடாக்கின் தலைநகரான லே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உயரமே 2,524 மீற்றர்தான். அதன் உச்சியைவிடவும் ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் மேலே ஒரு நகரம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மழை மிகக் குறைவு. மலைகள் மொட்டையாக நிற்கும். 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி லே, கார்கில் ஆகிய இரு மாவட்டங்களிலும் சேர்த்து வாழ்ந்தவர்கள் 274,289 பேர். 2019 ஒக்டோபர் 31 முதல் லடாக் தனியான ஒன்றியப் பிரதேசமாக இயங்குகிறது.

1974 ஆம் ஆண்டில்தான் இப்பகுதி சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று லே நகரத்தவர் பலருடைய வாழ்வு பயணிகளையே நம்பியிருக்கிறது. ஆனால் பயணிகள் பெருமளவில் வருவது மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரையில்தான். குளிர்காலத்தில் ஸ்ரீநகரிலிருந்தும் மணாலியிலிருந்தும் வரும் நெடுஞ்சாலைகளைப் பனி மூடிவிடும். எனவே டாக்சிச் சாரதி ஒருவர் ஐந்து மாத உழைப்பைக் கொண்டு பன்னிரண்டு மாதங்கள் குடும்பத்தை நடத்தவேண்டும். வண்டிக்கு வாங்கிய கடனின் தவணையோ பனி பெய்தாலும் வெயில் அடித்தாலும் மாதந்தோறும் வந்துவிடும்.

இதனால் அங்குள்ள சாரதிகள் சங்கமாக ஒன்றுசேர்ந்தார்கள். நுப்ரா பள்ளத்தாக்குக்கு இவ்வளவு, பாங்கொங் ஏரிக்கு இவ்வளவு என்று கட்டணப் பட்டியல் வைத்தார்கள். ஒருவர் மற்றவரைவிடக் குறைத்துக் கேட்டு எல்லோருடைய பிழைப்பும் கெடாமலிருக்க, வண்டிகள் முறைவைத்துப் புறப்படும் ஒழுங்கையும் ஏற்படுத்தினார்கள்.

மூன்று நிறத் தகடுகள்

சண்டையின் மையம் எங்கே இருக்கிறது என்பதை அறிய இந்திய வாகனங்களின் இலக்கத் தகடுகளைப் பார்க்கவேண்டும். சொந்தப் பாவனைக்குரிய காருக்கு வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து. சாரதியோடு வாடகைக்கு ஓடும் டாக்சிக்கு மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து. பயணி தாமே ஓட்டுவதற்காக வாடகைக்குக் கொடுக்கப்படும் காருக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து.

நிறம் மாறும்போது பொறுப்பும் மாறுகிறது. மஞ்சள் தகட்டு வண்டிக்கு அனுமதிப்பத்திரம், தகுதிச் சான்றிதழ், வாடகை வாகனத்துக்குரிய வரி, அதற்கேற்ற காப்புறுதி என்று பல செலவுகள் உண்டு. வெள்ளைத் தகட்டுக் காருக்கு இவை இல்லை. ஆகவே வெள்ளைத் தகட்டுக் காரை ஒருவர் இரகசியமாக நாள் வாடகைக்கு விடும்போது, மஞ்சள் தகட்டுக்காரர் செலுத்தும் எதையும் செலுத்தாமல் அவருடைய வாடிக்கையாளரை எடுத்துக்கொள்கிறார். இது 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் முரணானது.

தாமே ஓட்டும் கார்களைச் சட்டப்படி வாடகைக்கு விடுவதற்கு 1989 ஆம் ஆண்டில் ஒரு திட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்படி அனுமதி கேட்பவரிடம் குறைந்தது 50 கார்களாவது இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். பெருநகரத்துக் கம்பனிக்கு அது கைகூடும். ஒற்றைக் காரைக் கடனுக்கு வாங்கி ஓட்டும் லே நகரத்து மனிதருக்கு எப்படிக் கைகூடும்?

2020 ஒக்டோபர் 3 ஆம் திகதி மணாலிப் பக்கத்தில் 9.02 கிலோமீற்றர் நீளமான அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. ரோதாங் கணவாயில் ஏறி இறங்கவேண்டிய சிரமம் குறைந்தது. தாமே காரோட்டி லடாக் வருவது முன்பைவிட இலகுவாயிற்று. வெளியூர் வாடகைக் கார்களும் அதே வழியால் வந்து சேர்ந்தன.

இரு பக்கத்து நியாயம்

சாரதிகள் சொல்வதைக் கேட்போம். “எங்கள் ஏரியையும் எங்கள் மலையையும் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் காரின் வாடகைப் பணம் டில்லியிலோ சண்டிகரிலோ தங்கிவிடுகிறது. குப்பையும் நெரிசலும் மட்டும் எங்களுக்கு மிஞ்சுகின்றன” என்பது அவர்களின் ஆதங்கம். பாதுகாப்பையும் அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். நுப்ராவுக்குப் போகும் வழியிலுள்ள கர்துங் லா கணவாய் 5,359 மீற்றர் உயரமானது. அங்கே மூச்சு முட்டும், தலை சுற்றும். பிற்பகலில் பனி உருகிப் பாதையின் குறுக்கே நீர் பாயும். எந்த நேரத்தில் புறப்படவேண்டும், எங்கே நிற்கக்கூடாது என்பதெல்லாம் பழகிய சாரதிக்குத் தெரியும். புதியவருக்குத் தெரியாது. பாங்கொங் ஏரி நீருக்குள்ளும் ஹுண்டர் மணல்மேடுகளிலும் காரை ஓட்டி விளையாடிய பயணிகள் மீது பொலிஸார் நடவடிக்கை எடுத்ததும் உண்டு.

இனிப் பயணியின் பக்கம். நடுத்தரக் குடும்பமொன்று ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்து வருகிறது. டாக்சிக் கட்டணம் அவர்களுக்குப் பாரமாக இருக்கிறது. பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டினால் நினைத்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று தாய் விரும்புகிறாள். கார் கொடுத்தவர் “எல்லாம் சரி, பயப்பட வேண்டாம்” என்று சொல்லியிருப்பார். நம்பிப் பணத்தைக் கட்டி மலையேறிய பிறகுதான், பாதையில் சிலர் மறித்து, “இது யாருடைய கார்? பத்திரத்தைக் காட்டுங்கள்” என்று கேட்கிறார்கள். பயணிகளை இறக்கி உள்ளூர் டாக்சியில் ஏறச் சொன்னதாகவும் பலமுறை செய்திகள் வந்துள்ளன. தம் அண்ணனுடைய காரையோ நண்பருடைய காரையோ நேர்மையாக ஓட்டி வந்தவரும், பத்திரத்திலுள்ள பெயர் வேறாக இருப்பதால் இதே சந்தேகத்துக்கு ஆளாகிறார்.

யார் மறிக்கலாம்?

சாரதியின் குறை உண்மையானது. அந்தக் குறையைச் சொல்லவும், முறைப்பாடு செய்யவும், அமைதியாகப் போராடவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் காரை மறித்துப் பத்திரத்தைப் பரிசோதிப்பது பொலிஸாரும் போக்குவரத்து அதிகாரிகளும் செய்யவேண்டிய வேலை. பாதிக்கப்பட்டவரே பரிசோதகராகவும் நீதிபதியாகவும் மாறினால் குற்றவாளியோடு குற்றமற்றவரும் அடிபடுவார். மூச்சுவிடவே சிரமமான மலைப்பாதையில் ஒரு குடும்பத்தைக் காரிலிருந்து இறக்குவது ஆபத்தும்கூட. அவமானப்பட்டுத் திரும்பும் ஒரு குடும்பம் பத்துக் குடும்பங்களிடம் அதைச் சொல்லும். அடுத்த கோடையில் அந்த இழப்பு அதே சாரதியின் வாசலுக்குத்தான் வரும்.

ஆயினும் பழியைச் சாரதியின் தலையில் மட்டும் போட்டுவிட்டுப் போவது நியாயமாகாது. சட்டத்தை எழுதியவர்கள் அதைச் சோதனைச் சாவடியிலேயே நடைமுறைப்படுத்தியிருந்தால், சாரதி வீதிக்கு இறங்கியிருக்க வேண்டியதில்லை. சட்டத்துக்குப் புறம்பாகக் காரைக் கொடுத்துப் பணம் வாங்கியவர் தொலைவில் சுகமாக இருக்கிறார். அவரைத் தெரியாத இருவர் மலையில் நின்று சண்டையிடுகிறார்கள்.

மோட்டார் சைக்கிள் விடயத்தில் லே வேறொரு வழியைக் கண்டிருக்கிறது. வெளியூரில் வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளில் லே வரைக்கும் வரலாம். நுப்ரா, பாங்கொங் போன்ற இடங்களுக்குப் போக உள்ளூர்க்காரரின் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்கவேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. பயணிக்கு இது மேலதிகச் செலவுதான். எனினும் தாமே ஓட்டும் மகிழ்ச்சி அவருக்கும் வருமானம் உள்ளூருக்கும் கிடைக்கிறது. கார்களிலும், உள்ளூர்ச் சாரதிகள் பலர் கூட்டாகச் சேர்ந்து கறுப்புத் தகட்டு வண்டிகளை வைத்திருக்க வழிசெய்தால், போட்டியாளராக நிற்பவரே பங்காளராக மாறமுடியும்.

நமக்குள்ள பாடம்

இலங்கையிலும் 2025 ஓகஸ்ட் முதல் வெளிநாட்டவருக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கப்படுகிறது. தாமே ஓட்டும் பயணிகள் இனிக் கூடலாம். ஆகவே லடாக்கின் அனுபவம் நமக்குத் தூரத்துக் கதை அல்ல.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வீட்டுக் கார் சும்மா நிற்கிறதே என்று நாள் வாடகைக்குக் கொடுக்குமுன், காப்புறுதிப் பத்திரத்தில் எந்தப் பாவனை எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு வாடகைக்குக் கொடுத்தால், விபத்து நேரும்போது நட்டஈடு கிடைக்காமற் போகலாம். வண்டியை வாடகைக்கு எடுப்பவரும், அந்த வகை வாகனத்துக்குத் தம் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகுமா என்பதையும் வாடகைக்குரிய காப்புறுதி இருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்குமுன் கேட்டறிவது நல்லது.

மாணவிகளே, நம் வகுப்பறையிலும் சாரதிகளின் பிள்ளைகள் இருக்கிறார்கள். தந்தைக்கு ஹயர் கிடைத்த நாளும் கிடைக்காத நாளும் அந்த வீட்டுச் சமையலில் தெரியும். பயணி தாமே வண்டியோட்டிச் செல்வதைக் கண்டு கையசைக்கும்போது, தரிப்பிடத்தில் காத்திருப்பவரையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நாளை உங்களில் ஒருத்தி சட்டத்தரணியாகவோ போக்குவரத்து அதிகாரியாகவோ சுற்றுலாத் துறையிலோ அமரும்போது, அந்த இருவரும் சண்டையிடத் தேவையில்லாத ஒரு விதியை எழுதும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கக்கூடும்.