வீட்டில் ஒலிக்கும் நூல்

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தைத் தேசிய வாசிப்பு மாதமாக நாம் கொண்டாடுகின்றோம். நூலகங்களிற் கண்காட்சிகள் நிகழ்கின்றன. பாடசாலைகளிற் போட்டிகள் நடத்திப் பரிசில்கள் வழங்குகின்றோம். அம்மாதம் கழிந்தபின் நூல் எவர் கையில் இருக்கின்றது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1992ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலே, ‘புக்ஸ்டார்ட்’ என்னும் திட்டம் 300 குடும்பங்களுடன் தொடங்கியது. குழந்தை எழுத்தறியும்வரை அது காத்திருக்கவில்லை. கைக்குழந்தையுள்ள வீடுகளுக்கே இலவசமாக நூல்களை வழங்கியது. பெற்றோர் வாசிக்கக் கேட்பதே குழந்தையின் வாசிப்புக்குத் தொடக்கம் என்பது அதன் அடிப்படை.

கேட்டுக் கற்கும் இம்முறை நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நடைபெறும்போது, ஒருவர் செய்யுளை இசையுடன் வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். எழுத்தறியாதாரும் சிறுவரும் அருகிருந்து கேட்பர். ஏட்டைத் தொடாதவரும் புராணத்தின் சுவையை அறிந்தது இவ்வாறேயாம்.

அம்முறையை வீட்டுக்குக் கொண்டுவருதல் எளிது. பிள்ளை ஒரு பக்கத்தை உரத்து வாசிக்கட்டும். அம்மம்மா அதனையொட்டித் தாம் அறிந்த கதையைச் சொல்லட்டும். எழுத வாசிக்கத் தெரியாத தாயும், “பிறகு என்ன நடந்தது?” என்று வினவலாம். கேட்பார் உளராயின் பிள்ளை மறுநாளும் விரும்பி வாசிக்கும்.

இதற்கு நூல் வீட்டுக்கு வருதல் வேண்டும். கிழிந்துவிடும் என்றஞ்சிப் பாடசாலைகள் நூல்களை அலுமாரியிற் பூட்டிவைத்தல் தகாது. கிழிந்த தாளை ஒட்டிக்கொள்ளலாம். வாசிப்பில் விருப்பிழந்த பிள்ளையை மீட்டல் அரிது.