சூடு பட்ட பிறகுதான் போதை

கஞ்சாச் செடியின் பூவைப் பச்சையாகப் பறித்து மென்றால் பெரிதாக எதுவும் நடக்காது. பெண் செடியின் பூக்கதிரில் மினுமினுக்கும் பிசினில் நிறைந்திருப்பது டி.எச்.சி.ஏ. என்ற அமிலம். தலையைச் சுற்றவைக்கும் குணம் அதற்குக் கிடையாது. அந்த மூலக்கூறிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழன்றால்தான் அது போதை தரும் டி.எச்.சி. ஆகும். கழற்றிவிடுவது சூடு. சுருட்டிப் பற்றவைத்தால் நொடியில் நடந்துவிடும். நூறு டிகிரியைத் தாண்டிய அடுப்புச் சூட்டில் சற்று நேரம் பிடிக்கும்.

உலர்த்துவதில் அத்தனை மாயம் இல்லை. பறித்த பூவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர். அது வற்ற வற்ற எடை குறையும். எடை குறைவதால் 'நூற்றுக்கு இவ்வளவு' என்ற கணக்கு ஏறும். செடிக்குள் புதிதாக எதுவும் சுரப்பதில்லை. பிறகு மூடிய ஜாடியில் வாரக்கணக்கில் வைத்தெடுக்கும் 'க்யூரிங்' மணத்தையும் புகையின் காரத்தையும் மாற்றும். வீரியத்தைப் பெருக்கும் என்பது வெறும் நம்பிக்கை. ஈரம் மிஞ்சிவிட்டாலோ ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடிக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவரின் நுரையீரலுக்குள் அது போனால் உயிருக்கே ஆபத்து.

நாளாக ஆக வீரியம் இறங்கும் என்பது ஆங்கிலேயர் காலத்திலேயே பதிவானது. அன்றைய வங்காளத்தின் கஞ்சா விளைச்சலை ஆராய்ந்து டேவிட் பிரெய்ன் 1893இல் கொடுத்த அறிக்கையில் இது இருக்கிறது. காரணம் பிற்பாடுதான் புரிந்தது. காற்றும் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்து டி.எச்.சி.யைச் சிதைத்து, போதை குறைந்த ‘கன்னாபினால்’ என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. இவற்றுள் வெளிச்சமே முதல் எதிரி என்று 1976இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். சாதாரண அறை வெப்பத்தில் வைத்த கஞ்சா முதல் ஆண்டில் சுமார் 17 சதவீதமும், நான்கு ஆண்டுகளில் 40 சதவீதத்துக்குச் சற்று மேலும் டி.எச்.சி.யை இழக்கிறது என்பது மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கணக்கு.

ஆக, அதே செடி பச்சையில் ஒன்று, சூட்டில் வேறொன்று, பழசானால் இன்னொன்று. சட்டமோ இதில் ஏதாவது ஒரு நிலையை மட்டும் அளந்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டம், உலர்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் அது கஞ்சா இல்லை, சணல் வகைப் பயிர் என்றது. அமிலத்தையும் கணக்கில் சேர்க்கும் சோதனை முறையை அது வயலில் விளையும் பயிருக்குத்தான் சொன்னது; கடையில் விற்கும் பூவுக்கு அப்படி ஒரு வரியும் இல்லை. வியாபாரிகளுக்கு அது போதுமாயிற்று. டி.எச்.சி.ஏ. ததும்பும் பூவைச் சணல் என்ற பெயரில் விற்றார்கள். வாங்கியவர் அதைப் பற்றவைத்ததும் அது முழுக் கஞ்சா. அமிலத்தின் அளவை 0.877ஆல் பெருக்கி, இருக்கும் டி.எச்.சி.யோடு கூட்டினால் உண்மையான வீரியம் கிடைக்கும். இத்தனை எளிய கணக்கைச் சில்லறை விற்பனைக்கும் சேர்த்துச் சட்டத்தில் எழுத 2025 நவம்பர் வரை ஆனது. அதுவும் நடைமுறைக்கு வர ஓராண்டு அவகாசத்தோடு.

பூவையாவது ஒரு குழந்தை வாயில் போட்டால் துப்பிவிடும். விழுங்கினாலும் சூடு படாத பூவில் ஆபத்து குறைவு. மிட்டாய் அப்படியில்லை. கம்மி மிட்டாயிலும் சாக்லேட்டிலும் சூடாக்கும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. நெருப்பு வேண்டாம், புகை வராது, கசப்பையும் சர்க்கரை மூடிவிடும். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் போதைக்கும் நடுவில் இருந்த தடை அத்தனையும் போய்விட்டது.

அமெரிக்க நச்சு முறிவு மையங்களின் பதிவுகள் இதை எண்ணிக்கையாகவே காட்டுகின்றன. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சாத் தின்பண்டம் சாப்பிட்ட நிகழ்வுகள் 2017இல் 207; 2021இல் 3,054. கிட்டத்தட்ட எல்லாமே வீட்டுக்குள் நடந்தவை. ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது.

விழுங்கிய டி.எச்.சி.யைக் கல்லீரல் 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்ற இன்னொரு போதைப் பொருளாக மாற்றுகிறது. புகைத்தால் சில நிமிடங்களில் தலைக்கேறும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை எதுவும் தெரியாது. ஒன்றும் ஆகவில்லையே என்று பெரியவர்களே இரண்டாவது துண்டை எடுக்கிறார்கள். குழந்தைக்கு அந்த யோசனைகூட வராது, இனிப்பு இருக்கும்வரை தின்னும். கனடாவில் ஒரு பொட்டலத்துக்கே உச்சவரம்பு 10 மில்லிகிராம். கொலராடோவில் ஒரு துண்டுக்கு 10, பொட்டலத்துக்கு 100. பெரியவர் பத்து தடவைக்குப் பிரித்துத் தின்ன வேண்டியதைப் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டால் என்ன ஆகும்?

கொலராடோ அரசு 2017 அக்டோபரில் மனிதன், விலங்கு, பழம் போன்ற வடிவங்களில் கஞ்சா கம்மி செய்யத் தடை விதித்தது. கனடாவின் கியூபெக் மாநிலம் ஒருபடி மேலே போய் மிட்டாய், சாக்லேட் வகைகளையே கடையில் அனுமதிக்கவில்லை. சிறுவர்கள் கஞ்சா விஷமேறி மருத்துவமனைக்கு வருவது, தின்பண்டத்தை அனுமதித்த மற்ற பெரிய கனேடிய மாநிலங்களில் எகிறியபோது அங்கே அந்த ஏற்றம் இல்லை. சட்டப்படி விற்றால் பொட்டலத்தில் அளவாவது அச்சிட்டிருக்கும், கள்ளச்சந்தையில் அதுவும் இல்லை என்று வாதிடுவோர் உண்டு. எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில் அச்சிட்ட எண்ணால் என்ன பயன்?

இங்கே கோவை, திருப்பூர் வட்டாரத்தில் போலீஸார் அவ்வப்போது பறிமுதல் செய்யும் கஞ்சா சாக்லேட்டுகளில் எத்தனை மில்லிகிராம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. நம் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் கஞ்சாவை எடையால்தான் அளக்கிறது: ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வீரியம் அந்தத் தராசில் ஏறுவதில்லை. பூ சேராத வெறும் இலையும் விதையும் அந்தச் சட்டத்தின் 'கஞ்சா'வில் வராது. இலையை அரைத்துச் செய்யும் பாங் அந்த வழியில்தான் வட மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற கடைகளில் கிடைக்கிறது.

கஞ்சா மிட்டாய் தின்ற குழந்தை பெரும்பாலும் அரண்டு அழுவதில்லை, தூங்கித் தூங்கி விழும். நடை தள்ளாடும், அளவு மிஞ்சினால் மூச்சு மெலியும். பெற்றோர் பயத்தில் உண்மையை மறைக்கும்போது, மூளைக்காய்ச்சலோ தலையில் அடியோ என்று மருத்துவர்கள் சி.டி. ஸ்கேன் எடுப்பதும், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பதும் வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. ஒரு சிறுநீர்ச் சோதனை போதும், பல நேரங்களில் அன்றைக்கே காரணம் தெரிந்துவிடும்.