பரிமாறும் கைகளுக்கும் ஒரு கட்டுச்சோறு

விமானத்தில் பயணம் செய்வோரின் முன்னே உணவுத் தட்டைப் புன்முறுவலோடு வைத்துச் செல்லும் பணியாளர்களை நம்மில் பலர் கண்டிருப்போம். பிறர் பசியறிந்து பரிமாறும் அவர்கள் தாங்கள் எப்போது உண்கிறார்கள், எதை உண்கிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தத் தட்டுகளில் எஞ்சியதையே அவர்களும் உண்பார்கள் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உள்நாட்டு விமானங்களில் பணிபுரிவோரில் பலர், வீட்டைவிட்டுப் புறப்படும்போதே மூன்று நான்கு நாட்களுக்கு வேண்டிய உணவைத் தம் கையால் சமைத்துக் கட்டி எடுத்துச் செல்கின்றனர். சீருடையோடும் உடைப்பெட்டியோடும் ஓர் உணவுப் பையும் அவர்களுடன் பயணம் செய்கிறது. அந்த எளிய பையில் உழைப்பாளியின் ஊதியம், உடல்நலம், பயணிகளின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன. ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாக அறிவது பயனுடையது.

தட்டு மறைந்த கதை

விமானத்தில் உணவு வழங்கும் வழக்கம் நூறாண்டைக் கடந்தது. 1919 அக்டோபரில் இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே பறந்த ஹேண்ட்லி பேஜ் நிறுவனத்தின் விமானத்தில், பெட்டியில் அடைத்த பகலுணவு மூன்று ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டது. 1930 மே 15 அன்று எல்லன் சர்ச் என்னும் செவிலியர், அமெரிக்காவின் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் விமானத்தில் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவரையும் சேர்த்து எட்டுச் செவிலியர்கள் அப்பணிக்கு முதன்முதலாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். பயணிகளுக்கு உணவளிப்பதும் அவர்களுடைய கடமைகளுள் ஒன்று.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. 1978இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்களின்மீது தான் வைத்திருந்த கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை இயற்றியது. நிறுவனங்களுக்கிடையே விலைப் போட்டி மூண்டது. செலவைக் குறைக்கும் வழிகள் தேடப்பட்டன. 2001 செப்டம்பரில் நிகழ்ந்த தாக்குதல்களுக்குப் பின் நிறுவனங்கள் பெரும் நட்டத்தில் ஆழ்ந்தபோது, உள்நாட்டுப் பயணத்தில் சாதாரண வகுப்பினருக்கு அளிக்கப்பட்டு வந்த இலவச உணவு பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. பயணிக்கே தட்டு இல்லாத விமானத்தில் பணியாளருக்குத் தட்டு ஏது?

நேரமும் பணமும்

உள்நாட்டு விமானப் பணியாளர் ஒருவர் ஒரே நாளில் மூன்று நான்கு முறை வானேறி இறங்குவது வழக்கம். ஒரு பயணம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையே முக்கால் மணி நேரமே கிடைக்கும் நாட்கள் உண்டு. அதற்குள் பழைய பயணிகள் இறங்க வேண்டும். விமானம் ஒழுங்குபடுத்தப்பட வேண்டும். புதிய பயணிகள் ஏற வேண்டும். உணவகத்தின் வரிசையில் நின்று வாங்கி உண்ண நேரம் எங்கே? ஐரோப்பிய ஒன்றியத்தின் விமான விதிகள், பணி நேரம் ஆறு மணியைக் கடக்குமாயின் பணியாளர் உண்ணவும் பருகவும் வாய்ப்புக் கட்டாயம் அளிக்கப்பட வேண்டும் என்று குறிப்பாக வலியுறுத்துகின்றன. ஆயினும் வாய்ப்புக் கிடைக்கும்போது கையில் உணவு இருக்க வேண்டுமே!

இரவிலும் இதே நிலைதான். அமெரிக்க விமானப் பணிப்பெண்களுக்கும் பணியாளர்களுக்கும் ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் இடையே முன்பு ஒன்பது மணி நேர ஓய்வே விதிக்கப்பட்டிருந்தது. அதையும் எட்டாகக் குறைக்க இடமிருந்தது. 2018இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2022இல் அது தொடர்ச்சியான பத்து மணி நேரமாக உயர்த்தப்பட்டது. எனினும் விடுதிக்குச் செல்வதும், குளிப்பதும், உறங்குவதும், மறுபடி விமான நிலையம் திரும்புவதும் அந்தப் பத்து மணிக்குள்ளேயே முடிய வேண்டும். நள்ளிரவில் விடுதியை அடைபவருக்கு எந்த உணவகம் கதவு திறந்து வைத்திருக்கும்?

இனிப் பணத்தைப் பார்ப்போம். வீட்டைவிட்டு வெளியூரில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் பணியாளருக்குப் பயணப்படி உண்டு. மணிக்கு இரண்டரை டாலர் என்று வைத்துக்கொண்டால், 76 மணி நேரம் நீளும் நான்கு நாள் பயணத்திற்குப் படி 190 டாலர். விமான நிலையத்திலும் விடுதியிலும் ஒரு வேளை உணவுக்கு 16 டாலர் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை உண்டால், நான்கு நாளில் 192 டாலர் கரைந்துவிடும். இது ஓர் உத்தேசக் கணக்கே. ஆனால் உண்மை நிலையைக் காட்டப் போதுமானது. வீட்டிலிருந்து உணவு கொண்டு செல்பவர் அந்தப் படியில் பெரும்பகுதியைக் குடும்பத்திற்கென மீதப்படுத்துகிறார். பணியில் சேர்ந்த முதல் ஆண்டுகளில் ஊதியம் குறைவு. வீட்டு வாடகையோ அதிகம். அந்நிலையில் இந்த மீதம் மாதக் கடைசியைக் கடத்தும் துணையாகிறது. இதைக் கஞ்சத்தனம் என்று எவரும் எள்ளலாகாது.

வானத்தில் நேர்ந்த ஒரு பாடம்

உணவுத் தூய்மை விமானத்தில் எவ்வளவு முக்கியமானது என்பதை 1975 பிப்ரவரியில் நடந்த ஒரு நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்தியது. டோக்கியோவிலிருந்து ஐரோப்பாவை நோக்கிச் சென்ற ஜப்பானிய விமானம் ஒன்று அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி, அங்கே உணவை ஏற்றிக்கொண்டு கோபன்ஹேகனுக்குப் பறந்தது. காலையுணவாகப் பன்றித்தொடை இறைச்சி சேர்த்த ஆம்லெட் பரிமாறப்பட்டது. சிறிது நேரத்திற்குள் பயணிகள் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துடித்தனர். 340க்கும் மேற்பட்ட பயணிகளில் ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர். 140க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்த உணவைத் தயாரித்த சமையற்காரர் ஒருவரின் விரலில் இருந்த சீழ்ப்புண்ணே காரணம் என்று கண்டறியப்பட்டது. அப்புண்ணிலிருந்த ஸ்டெபிலோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர், போதிய குளிரில் வைக்கப்படாத உணவில் பெருகி நஞ்சை உண்டாக்கியிருந்தது.

விமானிகள் தப்பியது எவ்வாறு? அவர்கள் ஆங்கரேஜில் பொறுப்பேற்றவர்கள்; அவர்களுடைய உடற்கணக்கில் அது காலையுணவு வேளையன்று. ஆகவே அவர்கள் அந்த ஆம்லெட்டை உண்ணவில்லை. உண்டிருப்பார்களாயின் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தலைமை விமானியும் துணை விமானியும் ஒரே வகை உணவை உண்ணலாகாது என்று பல நிறுவனங்கள் இன்று விதி வைத்திருப்பதன் பொருளும் இதுவே.

இந்நிகழ்ச்சி, வீட்டிலிருந்து கட்டிச் செல்வோருக்கும் ஓர் எச்சரிக்கை. கையின் தூய்மையும் உணவின் குளிர்ச்சியும் தவறினால் பெரிய சமையற்கூடத்தின் உணவும் நஞ்சாகும். நம் வீட்டு உணவும் நஞ்சாகும்.

கட்டும் முறை

அனுபவமிக்க பணியாளர்கள் நாட்களின் வரிசைப்படி உணவைப் பிரித்துக் கட்டுகின்றனர். முதல் நாளுக்கு அன்று சமைத்த உணவும், வெட்டிய காய்கறியும். இரண்டாம் நாளுக்கு, முன்பே சமைத்து உறைகுளிரில் கல்லாக்கிய உணவு. அது பையில் மெல்ல உருகும்வரை மற்ற பண்டங்களுக்கும் குளிர் தருகிறது. மூன்றாம் நான்காம் நாட்களுக்கு, கெடாத உலர் பண்டங்கள்: ஓட்ஸ், கொட்டைகள், உலர்ந்த பழம், பருப்பு சூப்புத் தூள், பொட்டலத்தில் அடைத்த மீன் முதலியன. விரைவில் கெடுவது முதலில், நெடுநாள் தாங்குவது கடைசியில் என்பதே விதி.

குளிர் காக்கும் தடித்த பையில், உறைந்த குளிர்க்கட்டிகளை அடியிலும் மேலும் வைக்க வேண்டும். வழியில் அவை உருகிவிட்டால் விடுதியிலும் விமானத்திலும் கிடைக்கும் பனிக்கட்டியைக் கசியாத பைகளில் இட்டு ஈடுசெய்யலாம். 4 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பமே நுண்ணுயிர்கள் பெருகும் அபாய எல்லை என்று அமெரிக்க அரசின் உணவுத் துறையினர் கூறுகின்றனர். சமைத்த உணவு அந்த எல்லையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் கிடக்கலாகாது. வெளி வெப்பம் 32 பாகையைக் கடந்தால் ஒரு மணி நேரமே எல்லை. மீண்டும் சூடாக்கும்போது உணவின் நடுப்பகுதி 74 பாகையை எட்ட வேண்டும்.

சோற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அரிசியில் இயல்பாகவே உள்ள பாசில்லஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிரின் விதைகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே சோற்றை அகன்ற தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். சூடு குறையாத சோற்றைப் பாத்திரத்தில் அடைத்துக் கட்டுவது நன்றன்று.

உணவைச் சூடாக்கும் வசதி எல்லா விமானத்திலும் கிடைப்பதில்லை. பெரிய விமானங்களின் சமையற்பகுதியில் அடுப்பு உண்டு. சிறிய விமானங்கள் பலவற்றில் அதுவும் இல்லை. ஆதலால் ஆறியபடியே உண்ணத்தக்க பண்டங்கள் பையில் இருப்பது நலம். விடுதி அறையிலுள்ள காப்பிக் கருவியிலும் இஸ்திரிப் பெட்டியிலும் உணவைச் சூடாக்க முயல்வது அறிவுடைமையன்று. அபாய மணி ஒலித்து விடுதி முழுவதையும் எழுப்பிவிடும்.

உயரம் செய்யும் மாற்றம்

பறக்கும் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம், கடல் மட்டத்திலிருந்து 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையின்மேல் இருப்பதைப்போல் குறைந்திருக்கும். 8,000 அடியில் காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் முக்கால் பங்கே. ஆகவே மூடிய பாத்திரத்திலுள்ள காற்று மூன்றில் ஒரு பங்கு விரிவடைய முயலும். விளிம்புவரை நிரப்பிய தயிரும் குழம்பும் மூடியைத் தள்ளிக்கொண்டு சீருடையில் வழிவது இதனால்தான். பாத்திரத்தில் சற்று இடம்விட்டு மூடி, மேலே ஒரு பையிலும் இட்டுக் கட்டுவது பாதுகாப்பு. வயிற்றுக்குள்ளும் இதே விதிதான்! முட்டைக்கோஸ், மொச்சை போன்ற வாயு தரும் உணவுகளும் சோடா பானங்களும் பறக்கும் நாளில் தொல்லை தரும்.

விமானத்துக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிவிடுகிறது. நாவும் மூக்கும் உலர்ந்து உப்பும் இனிப்பும் மங்கித் தோன்றும். சுவை குறைகிறதே என்று உப்பை அள்ளிப் போடுவது உடலுக்குக் கேடு. எலுமிச்சை, இஞ்சி, சீரகம், மிளகு ஆகியவற்றால் சுவைகூட்டுவது மேலான வழி. தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி பருக வேண்டும்.

எல்லையில் நிற்கும் சட்டம்

வெளிநாடு செல்லும் விமானத்தில் பணிபுரிவோருக்கு வேறொரு கவலையும் உண்டு. ஒரு நாட்டின் பழத்திலும் இறைச்சியிலும் ஒளிந்துவரும் பூச்சியும் நோயும் மற்றொரு நாட்டின் தோட்டங்களையும் கால்நடைகளையும் அழிக்கக்கூடும். ஆகவே ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகள் கொண்டுவரும் உணவை அறிவிக்க வேண்டும் என்று கண்டிப்பாக விதித்துள்ளன. சீருடை அணிந்தவர் என்பதால் விலக்கு இல்லை. 2018இல் பாரிசிலிருந்து அமெரிக்கா வந்திறங்கிய பயணி ஒருவர், விமானத்திலேயே தமக்குக் கொடுக்கப்பட்ட ஆப்பிளைப் பையில் வைத்திருந்தார். அதற்காக அவருக்கு 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது! எஞ்சிய உணவை இறங்குமுன் உண்டுவிட வேண்டும். இல்லையேல் விமானத்திலேயே விட்டுவிட வேண்டும். திரும்பும் வழிக்கு, தங்கிய ஊரிலேயே சிறிது வாங்கிக்கொள்வது தக்கது.

இவற்றோடு பிறரை எண்ணும் பண்பும் வேண்டும். விமானம் அடைபட்ட கூடம். ஒருவருடைய மீன் குழம்பின் மணம் நூறு பேரை எட்டும். நிலக்கடலை சிலருக்கு உயிர் அபாயம் தரும் ஒவ்வாமையை உண்டாக்கும். எனவே மணம் மிகாத உணவைத் தெரிந்தெடுத்து, திரைக்குப் பின்னே அமைதியாக உண்டு, கையை நன்கு கழுவிய பின்னரே பணிக்குத் திரும்புவது முறை.

பசி, பணியின் பகைவன்

விமானப் பணியாளரின் முதற்கடமை உணவு பரிமாறுவதன்று. தீப்பிடித்தாலோ, தரையில் விமானம் மோதினாலோ, பயணிகளை நொடிகளில் வெளியேற்றுவதற்காகவே அவர்கள் அங்கே இருக்கிறார்கள். பசியால் கண் இருண்டவரும், கெட்ட உணவால் வயிறு வலித்தவரும் அப்பணியை எவ்வாறு ஆற்றுவர்? நேரத்தோடு உண்ட ஒரு கவளம் பலருடைய உயிருக்குக் காவலாகலாம்.

நம் குடும்பங்களிலும் விமானத்தில் மட்டுமல்லாமல் இரயிலிலும், லாரியிலும், கப்பலிலும், இரவு நேர மருத்துவமனையிலும் பணிபுரியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புறப்படும் நேரத்தில் அவர்கள் கையில் எதையோ திணித்து அனுப்புவதோடு நம் கடமை முடிந்துவிடாது. எந்த வேளைக்கு எது, எது எத்தனை மணி தாங்கும், எதை முதலில் உண்ண வேண்டும் என்று அவர்களோடு அமர்ந்து திட்டமிடுவோம். மகனாயினும் மகளாயினும் தாமே சமைத்துத் தாமே கட்டக் கற்றுக்கொடுப்போம். முந்தைய மாலை அடுக்களையில் செலவிடும் ஒரு மணி நேரம், தொலைவில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு உடல்நலத்தையும், மாத முடிவில் சிறு சேமிப்பையும், நம் வீட்டுச் சுவையையும் ஒருங்கே கொண்டு சேர்க்கும். ஊருக்குப் பரிமாறுபவர் தாம் பசித்திருக்கலாகாது அல்லவா?