'சாப்பிடவே இல்லையே, இன்சுலின் எதுக்கு?': உயிருக்கே ஆபத்தாகும் கேள்வி

காய்ச்சல், வாந்தி, இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. "வெறும் வயித்துல ஊசி போட்டா சுகர் இறங்கிடும்" என்று இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் 'டயாபடிக் கீட்டோ அசிடோசிஸ்' என்ற அவசர நிலைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என்ன நடக்கிறது?

காய்ச்சல் நேரத்தில் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை வெளியிடும். இன்சுலின் இல்லாததால் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாது. உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அப்போது உருவாகும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கடும் தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேக மூச்சு, மூச்சில் பழ வாசனை, குழப்பம். வயிற்றுவலியை 'சாப்பாடு சேரலை' என்று நினைத்து சோடா, ஜூஸ் கொடுத்தால் சர்க்கரை இன்னும் ஏறும். சில குழந்தைகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருப்பதே இந்த நிலையில்தான் தெரியவரும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை எடுப்பவர்களுக்கு சர்க்கரை அளவு 200-க்குக் கீழ் இருந்தாலும் இது வரலாம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

சர்க்கரை, கீட்டோன், ரத்தத்தின் அமிலத்தன்மை, பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பி.எச். அளவு 7.3-க்குக் கீழ் இருந்தால் அமிலம் ஏறிவிட்டது என்று அர்த்தம். முதல் சிகிச்சை, உடல் இழந்த நீரை ஈடுகட்டும் சலைன். அடுத்து பொட்டாசியம். இன்சுலின் அதை செல்லுக்குள் தள்ளிவிடும் என்பதால், ஏற்கெனவே குறைவாக இருந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால் அளவு 3.5-க்குக் கீழ் என்றால் பொட்டாசியம் ஏற்றிய பிறகே இன்சுலின் தொடங்கும். வழக்கமான அளவு, ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.1 யூனிட்.

சர்க்கரை 250-க்குக் கீழ் வந்ததும் குளுக்கோஸ் டிரிப் ஏறும். "சுகர் பேஷன்ட்டுக்கு குளுக்கோஸா?" என்று உறவினர்கள் பதறத் தேவையில்லை. அமிலம் வடியும் வரை இன்சுலின் ஓட வேண்டும். அதுவரை சர்க்கரை அதிகம் இறங்கிவிடாமல் இருக்கத்தான் அது.

வீட்டில் என்ன செய்யலாம்?

உடம்பு சரியில்லாத நாளில் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள்; எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். தண்ணீர் குடியுங்கள். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் 108-ஐ அழையுங்கள். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்திலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வரவே ஒரு மணி நேரம் ஆகலாம். 'விடியட்டும், பார்க்கலாம்' என்று மட்டும் காத்திருக்க வேண்டாம்.